சுருட்டு, சுருள், சில்லு

“அண்ணே, நீங்க எலக்ட்ரானிக்ஸ் படிச்சவுகதானே? வேப்புல மெக்கானிக்கல் நல்லதா, ரெகுலேட்டட் நல்லதா? இன்னும் அஞ்சு வருசத்துல எது நிக்கும்?”

போன தை மாதம் கோட்டையூரில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து முகப்புத் திண்ணையில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மகன் இப்படிக் கேட்டான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பென் டிரைவைவிடக் கொஞ்சம் பெரிதாக, மாம்பழ வாசனை அடிக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. 2019இலிருந்து இந்தியாவில் விற்கக்கூடாத பொருள். புத்தி சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவன் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி. அதற்குப் புத்திமதியைப் பதிலாகக் கொடுத்தால் அடுத்த கேள்வியை இந்தப் பயல்கள் நம்மிடம் கேட்கமாட்டார்கள். “எழுதி அனுப்புறேன்டா தம்பி” என்றேன். எழுத உட்கார்ந்தால் அது முந்நூறு, நானூறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் சுருட்டு. புகையிலை இந்த ஊர்ச் செடியே கிடையாது. போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ஆனால் அதைச் சுருட்டிப் பற்றவைக்கிற வடிவத்துக்கு உலகம் நம்மிடமிருந்து ஒரு பெயர் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்பது நம்முடைய ‘சுருட்டு’தான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டியது லண்டன்வரை போனது. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார். அந்தச் சொல் பர்மாவிலும் ஊன்றிக்கொண்டது. பர்மா என்றால் எங்கள் பக்கம் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1930களின் பொருளாதார மந்தம் முடிவதற்குள் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. என் ஐயா அங்கே ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து, 1942இல் ஜப்பான் படை வந்தபோது திரும்பியவர். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டுப் பழக்கமும் என்று அப்பத்தா சொல்லும்.

சுருட்டை ஓர் எந்திரமாகப் பார்த்தால் அதன் வடிவமைப்பு சுவாரசியமானது. ஸ்விட்ச் கிடையாது. எரிபொருளும் மருந்தும் ஒன்றே. இழுக்காமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, தொண்டையை அறுக்கும். ஆகவே பெரும்பாலோர் அதை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்து விடுவார்கள். நிகோடின் வாயின் தோல் வழியாக மெதுவாக ஏறும். சிகரெட் வந்தபோது இது மாறியது. சூட்டுக் கொட்டகையில் பதப்படுத்திய புகையிலையின் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது, தொண்டைக்கு இதமானது. நுரையீரல்வரை இழுக்கலாம். நுரையீரல் வழியாகப் போன நிகோடின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். சிகரெட்டின் வெற்றியில் பாதி இந்தத் தொண்டைச் சமாசாரம்தான். வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

(சுருட்டைப் பற்றி ஏக்கமாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐயாவின் கடைசி இரண்டு வருடத்து இருமலைப் பக்கத்து அறையில் படுத்துக் கேட்டவன் நான்.)

எரிக்காமல் நிகோடினைக் கொடுக்க முடியுமா என்று யோசித்த முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட். 1963இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1965இல் கிடைத்தது. வாங்க ஆள் இல்லை. அடுத்தவர் சீனாவின் மருந்தாளர் ஹோன் லிக். தானே நிறையப் புகைத்தவர், அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். 2003இல் அவர் செய்த கருவி நிஜமாகவே சந்தைக்கு வந்தது. கில்பர்ட்டுக்கும் ஹோன் லிக்குக்கும் நடுவில் நாற்பது வருடம். இந்த இடைவெளியை நிரப்பியதில் பெரும் பங்கு ஒரே பொருளுக்கு: 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி. கேம்கார்டருக்காக வந்தது, பிறகு லேப்டாப்புக்குப் போய், செல்போனுக்குப் போய், கடைசியில் உதட்டுக்கு வந்தது.

வேப்பின் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், சுருளுக்குள் பஞ்சு. பஞ்சில் ஊறியிருப்பது புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் நிகோடினும் வாசனையும் கலந்த திரவம். கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும். வீட்டில் கொசு விரட்டத் திரவம் சொருகிவைக்கிறோமே, அதே தத்துவம்தான்.

ஹோன் லிக் காலத்துக் கருவிகள் சிகரெட் மாதிரியே ஒல்லியாக இருந்தன. பேட்டரி சின்னது, ஆவியும் கம்மி. அதில் திருப்தி இல்லாதவர்கள் கையில் கிடைத்ததைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். 2008 வாக்கில் பிரிட்டனில் டெட் ரோஜர்ஸ், மாட் ரோஜர்ஸ் இருவரும் ‘ஸ்க்ரூட்ரைவர்’ என்று ஒன்றைச் செய்தார்கள். அந்த வழியில் வந்தவைதான் ‘மெக் மாட்’கள். ஓர் உலோகக் குழாய், உள்ளே லேப்டாப்பில் இருக்கும் 18650 பேட்டரி (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர்), அடியில் ஒரு பொத்தான், மேலே சுருள். ஒரு டார்ச் லைட்டில் பல்புக்குப் பதில் சுருள் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளே சர்க்யூட் என்று ஒன்றும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பேட்டரியும் கம்பியும் நேருக்கு நேர்.

நேருக்கு நேர் என்றால் ஓம் விதிதான் ஒரே சட்டம். முழுக்க சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். சுருள் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், சுமார் 35 வாட். பிரச்சினை இல்லை. 0.2 ஓம் சுற்றினால் 21 ஆம்பியர், 88 வாட். நம் வீட்டு பழைய சீலிங் ஃபேன் 75 வாட்தான். அந்த ஃபேனை ஓட்டுகிற சக்தி உங்கள் பல்லுக்கு நாலு அங்குலம் தள்ளி ஒரு விரல்நீளக் கம்பியில் இறங்குகிறது. 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். 20, 25 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கொடுக்கிற 18650 பேட்டரிகள் குறைவு. சிலர் இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 8.4 வோல்ட், 0.2 ஓம், 42 ஆம்பியர், 350 வாட்டுக்கு மேல். தண்ணீர் கொதிக்கவைக்கும் சின்ன இமர்ஷன் ராடு.

இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். கம்பியைக் கம்பி மேல் சுற்றி, பின்னி, பூக்கோலம் மாதிரிச் சுருள் செய்தார்கள். செம்பிலும் பித்தளையிலும் குழாய் கடைந்தார்கள். பிலிப்பைன்ஸில் அப்படிச் செய்யும் பட்டறைகளுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். பேட்டரி இறங்க இறங்க 88 வாட் 58 வாட்டாகக் குறைவதை நாக்கிலேயே உணர்ந்து, “இப்ப மாத்தணும்” என்று சொல்லிவிடுவார்கள். என்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றும் பழைய பஸ் டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருமிதம் புரியும். எனக்கும் புரிகிறது. கருவியை நான் ஆள்கிறேன், அது என்னை ஆளவில்லை என்ற உணர்வு. சாஃப்ட்வேரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தபின் இந்த உணர்வுக்காக ஏங்காதவன் யார்?

ஆனால் கைத்திறனுக்கு எட்டாத ஓர் இடம் அந்தக் குழாய்க்குள் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டும்.

அழகப்ப செட்டியார் 1909இல் கோட்டையூரில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் பட்டம், கையோடு விமானம் ஓட்டும் உரிமம், பிறகு தொழில்கள், பிறகு கல்லூரிகள். சுதந்திரம் வந்த கையோடு தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கும் பேச்சு எழுந்தபோது, ஒன்றை இந்த வறண்ட பூமிக்கு இழுத்து வர அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். ஊரில் எல்லோருக்கும் அது சிக்ரி. அரிமானம், முலாம், உலோகப் பிரிப்பு என்று தொடங்கி, பேட்டரி அங்கே முக்கியமான துறையாக வளர்ந்தது. இந்தியாவிலேயே லித்தியம் அயான் பேட்டரி தயாரிப்பதற்கான நுட்பத்தை 2018 ஜூனில் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டதும் இந்த சிக்ரிதான்.

அதாவது அந்தக் குழாயில் ஆபத்தான பகுதி மெக்கானிக்கல் பகுதியே இல்லை, மின்வேதியியல் பகுதி. லித்தியம் பேட்டரிக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அளவுக்கு மீறி மின்னோட்டத்தை உருவினால் சூடு ஏறும். சுமார் 130 டிகிரியில் படலம் உருகத் தொடங்கும். முனைகள் தொட்டுக்கொள்ளும், இன்னும் சூடு ஏறும். நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை வெளியேற்றும். உள்ளே இருக்கிற கரைசலோ பெட்ரோல் மாதிரி எரியக்கூடியது. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் ஒரே டப்பாவுக்குள். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். திறந்த வெளியில் என்றால் சீறி எரிந்து போகும். இரண்டு பக்கமும் மரை போட்டு மூடிய உலோகக் குழாய்க்குள் என்றால் அது வெடிகுண்டு. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒருவர் இப்படித்தான் இறந்தார். வெடித்த கருவியின் துண்டுகள் தலைக்குள் போயிருந்தன. கைத்திறன் உள்ளவர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று வாதாடுவார்கள். நியாயம்தான். ஆனால் கருவி விற்பனைக்கு வந்தபின் அதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஓம் மீட்டர் வைத்திருப்பார்கள்?

இந்த இடத்தில்தான் சில்லு உள்ளே வருகிறது. ரெகுலேட்டர் என்றால் என்ன என்று நம் வீட்டுச் சுவரே சொல்லும். பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெரிய டப்பாவாக இருக்கும், தொட்டால் சுடும். மின்சாரத்தைத் தடுத்து, மிச்சத்தைச் சூடாக வீணாக்கித்தான் அது வேகத்தைக் குறைத்தது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சின்னது, சுடாது. வேப்பில் வந்தது இந்த இரண்டாவது வகையின் ஒன்றுவிட்ட தம்பி. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தி, கேட்ட வாட்டைக் கேட்டபடி கொடுக்கும். பேட்டரி இறங்கினாலும் ஆவி குறையாது. சுருள் ஷார்ட் ஆனால் எரியவே விடாது. அமெரிக்காவின் ஓஹயோவைச் சேர்ந்த எவால்வ் நிறுவனம் இதில் முன்னோடி. 2014இல் அவர்கள் கொண்டுவந்த டிஎன்ஏ 40 என்கிற சில்லில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம் இருக்கிறது. நிக்கல் கம்பி சூடாக ஆக அதன் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம் ஏறும். 200 டிகிரி ஏறினால் தடை இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே தனியாக வெப்பமானி எதற்கு? கம்பியின் தடையை அளந்தால் கம்பியே வெப்பமானி. பஞ்சு காய்ந்து சூடு தாண்டினால் சில்லு மின்சாரத்தைக் குறைத்துவிடும். காய்ந்த பஞ்சில் சூடு ஏறினால் கிளைகால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு உருவாகும் என்பதால் இது வெறும் சொகுசு வசதி மட்டும் இல்லை. பொறியியலாக அது அழகு. தம்பியின் முதல் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது: பேட்டரியும் கம்பியும் மட்டும் கணக்கு என்றால் ரெகுலேட்டட்தான். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

ஆனால் அது மட்டுமா கணக்கு?

2015இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஜூல் வந்தது. அதற்கு முன்பு பெரிய மாட்களில் ஊற்றிய திரவத்தில் நிகோடின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 3 அல்லது 6 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் தொண்டை எரியும், இருமல் வரும். ஜூல்காரர்கள் நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினார்கள். காரம் போனது, தொண்டை அமைதியானது. 59 மில்லிகிராமை இருமாமல் இழுக்க முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பே 20தான். சுருட்டிலிருந்து சிகரெட்டுக்கு வந்தபோது நடந்த அதே வித்தை, நூறு வருடம் கழித்து, வேதியியல் ஆய்வகத்தில் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. ஜூலிலும் ரெகுலேட்டர் உண்டு. வெப்பத்தை அளவாக வைத்திருக்கும் நல்ல ரெகுலேட்டர். மின்சாரத்துக்குக் காவல் போட்டார்கள். அதே கையால், போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரே காவலாளியான தொண்டையை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூன்றே வருடத்தில், 2018 டிசம்பரில், மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா 1280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதம் வாங்கியது. சிகரெட்டை ஒழிக்க வந்த கருவி என்று சொல்லித்தான் அதுவரை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

2019இல் அமெரிக்காவில் நடந்தது இன்னொரு பாடம். வேப் இழுத்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது கள்ளச் சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். எந்தச் சில்லும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சில்லுக்குத் தெரிந்தது வோல்ட்டும் ஓமும்தான். மாம்பழ வாசனைக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று தெரியாது. கோயம்புத்தூரில் மூன்றாவது கைமாறி வருகிற துண்டில் அது இன்னும் தெரியாது.

நம்மூர்ச் சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டத்தை அறிவித்தது, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம்வரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம், 50,000. சட்டத்தின் வரையறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘மின்னணுச் சாதனம்’ என்று ஆரம்பிக்கிறது. மெக் மாட்டில் மின்னணுவியல் என்று சொல்ல ஒரு டயோடுகூட இல்லையே, அது தப்பித்துவிடுமா? அடுத்த வரியே கதவைச் சாத்திவிடுகிறது: எந்தப் பெயரில் இருந்தாலும், எந்த வடிவில், எந்த அளவில் இருந்தாலும். மெக்கானிக்கலா ரெகுலேட்டடா என்று உலகம் பத்து வருடம் சண்டை போட்ட விஷயத்தை நாடாளுமன்றம் ஒரே வாக்கியத்தில் சமன்செய்துவிட்டது.

தடை சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சங்கடத்தோடு. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகிக்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தொங்குகின்றன. முப்பது வருடம் பீடி குடித்தவர் அதிலிருந்து இறங்க ஒரு படியாக வேப்பைக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பிரிட்டனில் அவருக்கு மருத்துவரே அதைச் சொல்லக்கூடும். ஆனால் அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் எதிலிருந்தும் இறங்குகிறவன் இல்லை. பீடியைத் தொட்டதே இல்லை, நாற்றம் பிடிக்காதாம். “காலேல எந்திரிச்சதும் இது வேணும்ணே” என்றான், ஏதோ பல் விளக்குவதைச் சொல்வதுபோல.

இன்னும் ஐந்து வருடத்தில் எது நிற்கும்?

மெக்கானிக்கல் நிற்காது. இதற்கு மாற்றாகக் கைக்கடிகாரத்தைக் காட்டுவார்கள். 1969இல் சீக்கோவின் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தபோது சாவி கொடுக்கும் கடிகாரம் செத்தது என்றார்கள், ஆனால் இன்றைக்கும் ஸ்விஸ்காரர்கள் அதை லட்சங்களில் விற்கிறார்கள். ஹெச்எம்டி ஜனதாவைத் தேடி நம் பையன்கள் அலைகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் ஓடுவதே இந்த ஆசையில்தான். சாவி கடிகாரம் தப்பு செய்தால் பஸ்ஸைத் தவற விடுவோம். மெக் மாட் தப்பு செய்தால் தாடை போகும். ஏக்கம் தாங்குகிற விலைக்கு ஓர் எல்லை உண்டு. சேகரிப்பவர்கள் கொஞ்சப் பேர் கண்ணாடி அலமாரியில் செம்புக் குழாய் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ரெகுலேட்டட் ஜெயித்தது. ஆனால் திரையும் பொத்தானும் வைத்த பெரிய பெட்டி அதன் கடைசி வடிவம் இல்லை. அதுவும் ஓரத்துக்குப் போய்விட்டது. சந்தையைப் பிடித்தது, ஷென்ஜென் நகரத்திலிருந்து கொட்டிக்கொண்டு வரும் தூக்கிப்போடும் வகை. அதில் பொத்தான் இல்லை, வாட் எண் இல்லை. இழுத்தால் காற்றழுத்தத்தை உணர்ந்து தானே பற்றிக்கொள்ளும். சுருட்டு அணைந்து போகும், சிகரெட் பத்து நிமிடத்துக்குள் தீரும், அந்த முடிவுக்கு ஒரு பொருள் உண்டு. இதில் ஆயிரக்கணக்கான இழுப்புகள், நடுவில் நிறுத்தம் என்று எதுவும் கிடையாது. கட்டுப்பாடு சில்லிடம் இருக்கிறது. சில்லுக்கு உத்தரவு எழுதியவர் எங்கேயோ இருக்கிறார். பயனர் எத்தனை நேரம் திரையில் இருக்கிறார் என்று அளந்து, அதை இன்னும் கூட்டச் சொல்லும் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் எனக்கு இந்த வடிவமைப்பு அந்நியமாகத் தெரியவில்லை.

தம்பிக்கு இதன் சுருக்கத்தை அனுப்பினேன். “அப்ப ரெகுலேட்டட்னே வச்சுக்கலாமாண்ணே” என்று ஒரு பதில், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ரெண்டு நாள் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குத் தானே போன் பண்ணி, காலையில் எழுந்து எத்தனை நிமிடம் இது இல்லாமல் இருக்க முடிகிறது என்று எண்ணிப் பார்த்ததாகச் சொன்னான். எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் ஊருக்குப் பக்கத்திலேயே புகையிலை நிறுத்த உதவும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது, பேட்டரி. தூக்கிப்போடும் வேப்புக்குள் இருப்பதும் மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய அதே லித்தியம் வகைதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023இல் அவற்றைப் பிரித்துச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்க முடிந்தது. ஒரே முறை உபயோகித்து எறிகிறோம். குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடித்த சம்பவங்கள் பெருகி, அதுவும் ஒரு காரணமாக, பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் அந்த வகையைத் தடைசெய்தது. கம்பெனிகள் அடியில் ஒரு சார்ஜிங் ஓட்டையைப் போட்டு, இது மறுபயன்பாட்டு வகை என்று அதையே விற்கின்றன. நம்மிடம் பழைய செல்போனையும் லேப்டாப்பையும் திரும்ப வாங்க விதிகள் உண்டு. வேப் சட்டப்படி இல்லாத பொருள், ஆகவே அதைத் திரும்ப வாங்கவும் யாரும் இல்லை. அன்றைக்குக் கல்யாண வீட்டில் தீர்ந்துபோன ஒன்றை அவன் எச்சில் இலைக் குவியலுக்குள் சொருகிவிட்டு வந்தான். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, சிக்ரி இருக்கிற அதே காரைக்குடி ரோட்டில் போனது.